போலித் துரைசாமியும் கெப்பட்டிப்பொலவின் தலையும்



கண்டிக்குப் போகும் நம்மவர்கள் தலதா மாளிகையைப் பார்ப்பார்கள், வாவியை ஒரு சுற்றுச் சுற்றுவார்கள், படம் எடுத்துக்கொண்டு பேராதனைப் பூங்காவுக்குப் புறப்பட்டுவிடுவார்கள். மாளிகைக்கு எதிர்த் திடலில் நிற்கும் நினைவுத் தூணருகே நின்று பார்ப்பவர்கள் குறைவு. அதில் வைக்கப்பட்டிருப்பது ஒரு மண்டையோடு. மாகாணத் தலைவர், அதாவது திசாவை, பதவி வகித்த மொனரவில கெப்பட்டிப்பொலவினுடையது.

தமிழ்ச் சங்க மேடையில் ஒரு சிங்களப் பிரபுவுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். காரணம் ஒரு பெயர்: துரைசாமி.

கண்டியின் 'ரதல' எனும் பிரபுக் குடும்பங்கள் 'வலவ்வ' எனும் பெருவீடுகளில் வாழ்ந்தவை. பதவியை அரசன்தான் கொடுப்பான்; ஆனாலும் அது அந்தச் சில வாசல்களைத் தாண்டி வெளியே போவது அரிது. கண்ணுசாமி என்ற இயற்பெயர் கொண்ட நாயக்க மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை வெறுத்த இந்தப் பிரபுக்கள், 1815 மார்ச் 2ஆம் திகதி மகுல் மடுவ எனும் அரச மண்டபத்தில் நாட்டை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தார்கள். மன்னனின் ஆண் உறவினர் அனைவரும் அரசின் எதிரிகள் என்றது அந்த உடன்படிக்கை. கெப்பட்டிப்பொலவும் அதில் ஒப்பமிட்டவர்தான்.

இரண்டே ஆண்டுகள். 1817இல் ஊவா, வெல்லஸ்ஸப் பகுதியில் கிளர்ச்சி மூண்டது. அதன் முன்னால் நின்றவர் வில்பாவே என்ற முன்னாள் பிக்கு. மக்களைத் திரட்ட அவர் சூடிக்கொண்ட பெயர்தான் துரைசாமி. நாயக்க அரச குலத்து வாரிசு என்றார். எந்தக் குலத்தை விரட்டினார்களோ, அதே குலத்தின் பெயருக்கே ஊர்கள் எழுந்தன. கண்டியின் வரலாற்றை இனக் கணக்காக மட்டும் வாசிப்பவர்களுக்கு இந்த இடம் தொண்டையில் சிக்கும்.

அடக்கிவிட்டு வா என்று 500 பேரோடு ஆங்கிலேயர் அனுப்பிய கெப்பட்டிப்பொல, கிளர்ச்சிக்காரர்களோடு சேர்ந்துகொண்டார். ஆங்கிலேயர் தந்த ஆயுதத்தால் ஆங்கிலேயரைச் சுடக்கூடாது என்று துப்பாக்கிகளைத் திருப்பி அனுப்பினாராம்.

அரச வாரிசு ஒருவனின் பெயரால் பிரபுக்கள் எழுந்து, அதிகாரத்தை இழக்கும் இந்தக் கதையை ஸ்கொட்லாந்தும் அறியும். ரோம் நகரில் பிறந்து, அரியணைக்கு உரிமை கோரி வந்த இளவரசன் சார்ள்ஸுக்காக 1745இல் மலைநாட்டுக் குலத் தலைவர்கள் வாளெடுத்தார்கள். இரு பக்கமும் ஆடிப் பார்த்த பிரேசர் குலத் தலைவர் லோவாட் பிரபு 1747இல் லண்டனில் தலை வெட்டப்பட்டார். அதே ஆண்டில் தலைவர்களின் பரம்பரை நீதி அதிகாரத்தைப் பறிக்கும் சட்டமும் நிறைவேறியது. கண்டியிலும் அதே கதைதான். 1818 நவம்பர் 21ஆம் திகதிப் பிரகடனம் பிரபுக்களை ஆங்கிலேய அதிகாரிகளுக்குக் கீழ்ப்படுத்தியது. ஐந்து நாள் கழித்துக் கெப்பட்டிப்பொலவின் தலை விழுந்தது. அதற்குள் துரைசாமி போலி என்பதும் வெளிப்பட்டிருந்தது.

தலை வெட்டப்பட்ட அன்று காலை, தன்னைத் தலதா மாளிகைக்கு அழைத்துச் செல்லும்படி கெப்பட்டிப்பொல கேட்டார். தன் மேலாடையைக் கழற்றிக் காணிக்கை வைத்தார். துணி அழுக்கு, கிழிசலும்கூட. அதனால் புண்ணியம் குறையாது என்றார். இதைப் பதிவு செய்தவர் ஸ்கொட்லாந்துக்காரரான இராணுவ மருத்துவர் ஹென்றி மார்ஷல். இவ்வளவு மரியாதையோடு எழுதிய அதே மனிதர்தான் அந்தத் தலையையும் எடுத்துக்கொண்டார். மண்டையோட்டின் மேடு பள்ளத்தில் குணத்தைப் படிக்கலாம் என்று நம்பிய எடின்பரோ கபாலவியல் சங்கத்துக்கு அதைக் கொடுத்தார்.

சுதந்திரம் கிடைத்த 1948இல் மண்டையோடு நாடு திரும்பியது. 1954இல் திடலுக்கு வந்தது. வர்த்தமானியில் அவருக்கு இருந்த 'துரோகி' என்ற பட்டம் நீங்க 2016 ஆயிற்று.