அளந்து பார்த்து வாங்கு



பெங்களூரிலிருந்து ஓசூருக்குப் போகும் பெரிய சாலையில் இருக்கிறது சந்தாபுரா. எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி, பொம்மசந்திராவையும் தாண்டினால் இந்த ஊர் வரும். ஆனேக்கல் போகும் சாலை இங்கே பிரிகிறது. லாரி, டெம்போ, வேன், ஆட்டோ என்று வண்டிகள் ஓயாமல் ஓடும். வண்டியை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் இங்கே பல.

அப்படி ஒரு குடும்பத்தை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். சொந்தமாக ஒரு சின்னச் சரக்கு வண்டி. விடியற்காலை 4 மணிக்கு ஓசூர் போய்க் காய்கறி ஏற்ற வேண்டும். ஓட்டுநர் சாவியைத் திருப்புகிறார். 'டிக், டிக்' என்று சத்தம் மட்டும் வருகிறது. செல்ஃப் எடுக்கவில்லை. நாலு பேர் தள்ளிய பிறகுதான் வண்டி கிளம்புகிறது.

"பேட்டரி போச்சு. புதுசு வாங்க வேண்டியதுதான்" என்கிறார் ஓட்டுநர். போன வருடமும் அவர் இப்படித்தான் ஒன்று வாங்கினார். பல ஆயிரம் ரூபாய் கடன் ஆனது. இப்போது மறுபடியும் கடனா?

வண்டி எலக்ட்ரீஷியன் ஒருவர் அவரைத் தடுக்கிறார். "பொறுங்கண்ணா. முதல்ல அளந்து பார்க்கலாம். அப்புறம் வாங்கறதா வேண்டாமான்னு முடிவு பண்ணலாம்."

அவர் சொன்னது சரியா? பார்க்கலாம்.

பானையும் குழாயும்

பேட்டரி ஒரு தண்ணீர்ப் பானை போன்றது. மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும். ஆல்டர்னேட்டர் குழாய் போன்றது. பானையை நிரப்பிக்கொண்டே இருக்கும். மெக்கானிக்குகள் சிலர் இதை டைனமோ என்றும் சொல்வார்கள்.

வண்டியைக் கிளப்பும்போது பேட்டரியிலிருந்து மின்சாரம் செலவாகிறது. இன்ஜின் ஓடத் தொடங்கியதும், ஒரு பெல்ட் ஆல்டர்னேட்டரைச் சுற்றுகிறது. அதிலிருந்து மின்சாரம் பிறக்கிறது. காந்தத்தையும் கம்பிச் சுருளையும் கொண்டு மின்சாரம் உண்டாக்கலாம் என்று 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்தார். அந்த முறைதான் இது. இந்த மின்சாரம் விளக்கு, ஹாரன் எல்லாவற்றுக்கும் போகிறது. பேட்டரியையும் நிரப்புகிறது.

பானை காலியாக இருந்தால் பானை ஓட்டை என்று உடனே சொல்ல முடியுமா? குழாயில் தண்ணீர் வராமலும் இருக்கலாம். இரவில் யாரோ திறந்துவிட்டும் இருக்கலாம். பேட்டரியும் அப்படித்தான். அது இறங்கிப் போவதற்குக் காரணம் மூன்று. ஒன்று, பேட்டரியே கெட்டிருக்கும். இரண்டு, சார்ஜ் ஏறாமல் இருக்கும். மூன்று, வண்டி நிற்கும்போது மின்சாரம் வீணாகும்.

முதலில் கண்ணால் பாருங்கள்

சாவியைப் போட்டதும் டேஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிய வேண்டும். இன்ஜின் ஓடியதும் அது அணைய வேண்டும். ஓடும்போதும் எரிந்தால் சார்ஜ் ஏறவில்லை என்று பொருள். சாவி போட்டபோதே எரியாவிட்டால் பல்பு, ஃபியூஸ், ஒயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

நமது ஓட்டுநரின் வண்டியில் அந்த விளக்கு ஒரு வாரமாகவே மங்கலாக மினுக்கியது. "சின்ன விளக்குதானே" என்று அவர் விட்டுவிட்டார்.

அடுத்து டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் மின்சாரம் சரியாகப் போகாது. ஒயர்களைக் கழற்றிச் சுத்தம் செய்து இறுக்க வேண்டும். எர்த் ஒயர் வண்டியின் உடம்பில் சேரும் இடத்தையும் பார்க்க வேண்டும். பிறகு இன்ஜினை நிறுத்திவிட்டு பெல்ட்டை அழுத்திப் பாருங்கள். தொளதொளவென்று இருக்கிறதா? வெடித்திருக்கிறதா? பளபளவென்று தேய்ந்திருக்கிறதா? அப்படியானால் அது வழுக்கும். ஆல்டர்னேட்டர் சரியாகச் சுற்றாது.

பிறகு மீட்டரால் அளந்து பாருங்கள்

இதற்கு ஒரு மல்டிமீட்டர் போதும். டி.சி. வோல்ட் என்ற இடத்தில் வைக்க வேண்டும். சிவப்பு முனையை பிளஸ்ஸிலும் கறுப்பு முனையை மைனஸ்ஸிலும் தொட வேண்டும்.

வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு அளந்தால் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். அதுவே நிறைந்த பேட்டரி. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் நன்றாக இறங்கிவிட்டது.

இன்ஜின் ஓடும்போது மறுபடி அளக்க வேண்டும். 13.8 முதல் 14.5 வரை இருந்தால் சார்ஜ் நன்றாக ஏறுகிறது. 13-க்குக் கீழே இருந்தால் ஏறவில்லை. 15-க்கு மேலே போனால் அளவுக்கு மீறி ஏறுகிறது. ரெகுலேட்டர் கெட்டிருக்கலாம். பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றிவிடும். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டும் ஒருமுறை அளக்க வேண்டும். அப்போதும் 13-க்குக் கீழே இறங்கக் கூடாது.

பெரிய லாரிகளில் இரண்டு பேட்டரிகளைத் தொடர்ச்சியாக இணைத்திருப்பார்கள். அங்கே இந்த எண்களை இரண்டால் பெருக்க வேண்டும்.

நமது ஓட்டுநரின் வண்டியில் என்ன காட்டியது? நிற்கும்போது 11.9. ஓடும்போது 12.1. குழாயில் தண்ணீர் வரவில்லை! பெல்ட் தேய்ந்து வழுக்கிக்கொண்டிருந்தது. புது பெல்ட் போட்டு இறுக்கினார்கள். மீட்டர் 14.1 காட்டியது. பேட்டரியைத் தனியாக சார்ஜ் போட்டார்கள். மறுநாள் காலையில் 12.6 இருந்தது. பேட்டரி நன்றாகத்தான் இருந்தது. செலவு ஒரு பெல்ட்டோடு முடிந்தது.

பெல்ட் நன்றாக இருந்தும் 13-க்குக் கீழே காட்டினால் ஆல்டர்னேட்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். டயோடு போயிருக்கலாம். இவற்றை மட்டும் மாற்றினாலே பல நேரம் போதும்.

சார்ஜ் ஏறுகிறது, ஆனால் காலையில் வண்டி எடுக்கவில்லை என்றால்? பேட்டரியை முழுதாக சார்ஜ் செய்யுங்கள். இரவில் மைனஸ் ஒயரைக் கழற்றி வையுங்கள். அப்படியும் காலையில் இறங்கியிருந்தால் பேட்டரிதான் கெட்டது. அப்படியே இருந்தால் வண்டியில் ஏதோ ஒன்று மின்சாரத்தைத் தின்கிறது. ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து 110 வாட். அது 9 ஆம்பியர் இழுக்கும். அணைக்க மறந்தால் 36 ஆம்பியர்-மணி பேட்டரி நாலே மணி நேரத்தில் காலி.

நெரிசலும் ஒரு காரணம். ஓசூர் சாலையில் வண்டி நின்று நின்று ஊரும்போது இன்ஜின் மெதுவாகச் சுற்றுகிறது. ஆல்டர்னேட்டரும் குறைவாகவே தரும். விளக்கு, வைப்பர், பாட்டு எல்லாம் ஓடினால் வரவைவிடச் செலவு கூடும்.

செய்யக் கூடாதவை

இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி, "வண்டி நிற்கிறதா பார்" என்று சோதிப்பவர்கள் உண்டு. இது தவறு. வோல்ட் திடீரென்று எகிறும். டயோடும் ரெகுலேட்டரும் கருகிவிடும். சோதனையே புதுச் செலவாகும்.

சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். அது வெடிக்கும். அருகில் பீடி, தீக்குச்சி வேண்டாம். கழற்றும்போது மைனஸ்ஸை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். பேட்டரியில் தண்ணீர் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், ஆசிடும் வேண்டாம். ஆசிட் கண்ணிலோ தோலிலோ பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் மருத்துவரிடமும் போக வேண்டும்.

பழைய பேட்டரியை வீட்டில் உடைக்காதீர்கள். அதில் இருக்கும் ஈயம் நஞ்சு. குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். கடையில் திருப்பிக் கொடுத்தால் விலையிலும் கழித்துக்கொள்வார்கள்.

எழுதி வையுங்கள்

இப்போது அந்த ஓட்டுநரிடம் ஒரு நோட்டு இருக்கிறது. மாதம் ஒருமுறை தேதி போட்டு இரண்டு எண்களை எழுதுகிறார். நிற்கும்போது எவ்வளவு, ஓடும்போது எவ்வளவு. எண் குறையத் தொடங்கினால் அவருக்கு முன்பே தெரிந்துவிடும். நடுவழியில் நிற்க வேண்டியதில்லை. பேட்டரியின் உத்தரவாத அட்டையையும் எடுத்துப் படித்தார். வாங்கிய தேதியையும் எத்தனை மாதம் உத்தரவாதம் என்பதையும் முதல் பக்கத்தில் எழுதி வைத்தார்.

கடையில் யாராவது, "பேட்டரி போச்சு, மாத்தணும்" என்றால் அவர் கேட்கிறார்: "நிக்கும்போது எத்தனை வோல்ட்? ஓடும்போது எத்தனை? எனக்கும் காட்டுங்க."

எழுத்தும் எண்ணும் தெரிந்தால் இப்படிக் கேட்க முடியும். கேட்டால் கைக்காசு மிஞ்சும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். வண்டிக்குப் போடும் காசுக்கும் அது பொருந்தும்.