வீக்கமும் மஞ்சளும்



தெலங்கானாவில் நிஜாமாபாத் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஈரோட்டைப் போலவே அதுவும் மஞ்சள் சந்தைக்குப் பெயர் போன ஊர். அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மஞ்சள் வேகவைத்துக் காயப்போடும் ஒரு பாட்டியை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். வயது அறுபது. முழங்கால் வீங்கிவிட்டது. பாட்டி என்ன செய்வார்? மஞ்சளை அரைத்து, சூடாக்கி, பற்றுப் போடுவார்.

இது மூடநம்பிக்கையா? இல்லை.

முதலில், வீக்கம் என்றால் என்ன? அடிபட்ட இடத்துக்கும், கிருமி புகுந்த இடத்துக்கும் உடல் கூடுதலாக ரத்தத்தை அனுப்புகிறது. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிறது. அதனால் அந்த இடம் சிவக்கிறது, சுடுகிறது, வலிக்கிறது. நம்மைக் காக்கத்தான் உடல் இப்படிச் செய்கிறது. வேலை முடிந்ததும் வீக்கம் அடங்க வேண்டும். சில மூட்டு நோய்களில் அது அடங்குவதில்லை. மாதக்கணக்கில் நீடித்து மூட்டையே கெடுத்துவிடுகிறது.

மஞ்சளுக்கு நிறம் கொடுப்பது குர்குமின் என்ற பொருள். 1815-ஆம் ஆண்டிலேயே அதைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். வீக்கத்தைத் தூண்டும் பொருள்கள் உடலில் உண்டாவதை அது குறைக்கிறது. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு அதை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்ததில், சிலருக்கு வலி குறைந்தது.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. 100 கிராம் மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 கிராம்தான். அதிலும் குடலிலிருந்து ரத்தத்தில் சேருவது மிகவும் கொஞ்சம். மிளகு சேர்த்தால் சற்றுக் கூடும். மஞ்சள் பாலில் மிளகு தட்டிப் போட்ட நம் பாட்டிமார்கள் கெட்டிக்காரர்கள்தான்! இருந்தாலும் குழம்பில் போடும் மஞ்சள் மூட்டு நோயைத் தீர்த்துவிடாது.

பாட்டிக்கும் பற்று போதவில்லை. வாரச்சந்தையில் ஒருவர் பொடி விற்கிறார். “சுத்தமான மூலிகை, பாட்டி. பக்க விளைவே கிடையாது” என்கிறார். இரண்டே நாளில் வலி பறந்துவிடுகிறது.

இங்கேதான் சந்தேகம் வரவேண்டும். மூலிகை இவ்வளவு வேகமாக வேலை செய்வதில்லை. இப்படி விற்கும் பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு என்ற ஆங்கில மருந்து கலந்திருப்பது பரிசோதனையில் தெரியவந்திருக்கிறது. ஸ்டீராய்டு கெட்ட மருந்து அல்ல. மருத்துவர் அளவு பார்த்துக் கொடுத்தால் அது உயிரையும் காக்கும். அளவு தெரியாமல் மாதக்கணக்கில் சாப்பிட்டால் முகம் உப்பும். சர்க்கரை ஏறும். எலும்பு வலுவிழக்கும்.

இன்னொன்றும் உண்டு. வெகுநாள் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. மயங்கி விழுந்துவிடலாம். ஆகவே அந்தப் பொடியைக் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். திட்டுவாரே என்று மறைக்காதீர்கள்.

இப்போது நீங்கள் படிக்கத் தெரிந்தவர்கள். பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். என்னென்ன சேர்ந்திருக்கிறது, யார் தயாரித்தது, உரிம எண் என்ன, எந்தத் தேதிவரை பயன்படுத்தலாம் என்று எழுதியிருக்க வேண்டும். எழுதாத பொட்டலத்தைக் கீழே வைத்துவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள், மருத்துவரைக் கேட்காமல் குர்குமின் மாத்திரை வாங்கக் கூடாது.

காய்ச்சலோடு மூட்டு வீங்கினாலோ, காலை ஊன்ற முடியாமல் போனாலோ, பற்றுப் போட்டுக் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள்.

யாராவது வீட்டில் இப்படிப் பொடி வைத்திருந்தால், நாளைக்கு மையத்துக்குக் கொண்டுவாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து படித்துப் பார்க்கலாம்.