எண்ணெய் தூக்கட்டும், இரும்பு தாங்கட்டும்

(மஸ்கெலியாவில் தோட்டத் தலைவர்மார், சாரதிகள், தொழிலாளர் குடும்பங்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், பேர், கொழுந்து நிறை. நாம் கூடினால் வழக்கமாக இவற்றைத்தான் பேசுவோம். இன்று தோட்டத்து டிரக்டரைப் பற்றிப் பேசப் போகிறோம். கொழுந்தும் உரமும் விறகும் மண்ணும் அதன் பின்னால்தான் போகின்றன. ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் அதன் பின்னால் நிற்பவர்கள் நம்முடைய ஆட்கள்.

பழைய டிரக்டருக்குப் புதிதாக ஒரு ஹைட்ரோலிக் லீவரும் இரண்டு ஹோஸும் பூட்டினால், பெட்டியைத் தானாகக் கவிழ்க்கலாம். பின்னால் பூட்டிய கருவியையும் விருப்பப்படி அசைக்கலாம். இடுப்பு ஒடிய மண்வெட்டியால் இறக்குகிற வேலை குறையும். அதை நாம் எதிர்க்கவில்லை. அதை எப்படிப் பூட்டுகிறார்கள், பூட்டிய பிறகு யார் எங்கே நிற்கிறார்கள் என்பதுதான் நம்முடைய கேள்வி.

முதலில் டிரக்டரின் பின்பக்கத்தைப் பாருங்கள். கீழே இரண்டு கைகள், மேலே நடுவில் ஒரு கம்பி. இந்த மூன்று முனை இணைப்பைக் கொண்டுவந்தவர் அயர்லாந்துக்காரரான ஹரி ஃபெர்குசன். அதற்கு முன்பு கலப்பையைச் சும்மா கட்டி இழுத்தார்கள். கலப்பை கல்லில் மாட்டினால் டிரக்டரின் முன்பக்கம் எழும்பி, மல்லாந்து, சாரதியையே நசுக்கிவிடும். ஃபெர்குசனின் மேல் கம்பி அந்த நேரத்தில் முன்பக்கத்தை அமுக்கிப் பிடித்தது. 1936இல் அவருடைய டிரக்டர் ஹைட்ரோலிக் லிஃப்டோடு விற்பனைக்கு வந்தது. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தில் செய்த சிறிய ஃபெர்குசன் மட்டும் 5 லட்சத்துக்கு மேல். 1953இல் அவருடைய கம்பெனி மஸ்ஸி ஹரிஸோடு சேர்ந்தது. மஸ்ஸி ஃபெர்குசன் என்ற பெயர் அப்படி வந்ததுதான். உயிரைக் காப்பாற்றிய இணைப்பு அது. அதில் கை வைப்பவர் அதை மறக்கக் கூடாது.

அடுத்து, எண்ணெயின் பலம். எட்டாம் வகுப்புக் கணக்குப் போதும். லொறி அல்ல, ஒரு சின்னக் காரின் டயரில் இருக்கும் காற்று சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 30 இறாத்தல். டிரக்டரின் ஹைட்ரோலிக் எண்ணெயோ 2000 முதல் 3000 இறாத்தல் வரை போகும். 3 அங்குல விட்டமுள்ள சிலிண்டரின் பரப்பு ஏறக்குறைய 7 சதுர அங்குலம். 7ஐ 2000ஆல் பெருக்கினால் 14,000 இறாத்தல், அதாவது 6 டன்னுக்கு மேல். ஒரு விரல் தள்ளுகிற லீவருக்குப் பின்னால் நிற்கிற பலம் இது.

இந்தப் பலம் தூக்குவதற்குத்தான். தாங்குவதற்கு அல்ல. ஹோஸ் வெடித்தாலோ, சீல் தேய்ந்தாலோ, யாராவது தெரியாமல் லீவரைத் தட்டினாலோ, மேலே இருப்பது கீழே வரும். எஞ்சினை நிறுத்திவிட்டாலும் வரும். ஆகையால், எண்ணெய் மட்டும் பிடித்திருக்கும் எதற்கும் கீழே தலையோ கையோ போகக் கூடாது. தூக்கிய பெட்டிக்கு அடியில் வேலை இருந்தால், முதலில் பெட்டியோடு பொருத்திய இரும்பு முட்டுக்கட்டையை நிறுத்த வேண்டும். செங்கல், விறகுக் கட்டை, ஜாக்கி எதுவும் அதற்கு ஈடாகாது.

புது லீவர் பூட்டும்போது தலைவர்மாரும் சாரதியும் ஐந்து விஷயங்களைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஒன்று, எண்ணெயை எங்கிருந்து எடுக்கிறார்கள்? ஒவ்வொரு டிரக்டரும் ஒரு மாதிரி. அந்த டிரக்டரின் கைநூல் காட்டுகிற இடத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். லீவர் நடுவில் நிற்கும்போது எண்ணெய் திரும்பிப் போக வழி இல்லாவிட்டால், பம்ப் ஓயாமல் முட்டி எண்ணெய் கொதித்துவிடும். பழைய லிஃப்டும் வேலை செய்யாமல் போகலாம்.

இரண்டு, பாதுகாப்பு வால்வைத் தொட்டார்களா? வீட்டில் பிரஷர் குக்கருக்கு ஒரு சேஃப்டி வால்வு இருப்பது போல இதற்கும் உண்டு. இன்னும் கொஞ்சம் பாரம் தூக்கட்டும் என்று அதை முறுக்கி இறுக்குவது, குக்கரின் வால்வை அடைப்பதற்குச் சமம்.

மூன்று, என்ன ஹோஸ்? அழுத்த அளவு அச்சிட்ட, முனையை மெஷினில் நசுக்கிப் பொருத்திய ஹோஸாக இருக்க வேண்டும். தண்ணீர்க் குழாயும் கிளிப்பும் இங்கே ஆகாது. டயரில் உரசாமல், புகைக்குழாயில் படாமல், லிஃப்ட் கைகளுக்கு இடையில் மாட்டாமல் அது போக வேண்டும்.

நான்கு, லீவர் எங்கே இருக்கிறது? கையை எடுத்தால் தானாக நடுவுக்குத் திரும்ப வேண்டும். எது ஏற்றம், எது இறக்கம் என்று பெயின்டில் எழுதியிருக்க வேண்டும். டயருக்கும் லிஃப்ட் கைக்கும் நடுவில் நின்று யாரும் லீவரைத் தொடும்படி அமையக் கூடாது. கருவி பூட்ட உதவிக்கு வருபவர்கள் அந்த இடத்தில்தான் நசுங்குவார்கள்.

ஐந்து, எப்படிச் சோதித்தார்கள்? முதலில் வெறும் பெட்டி, பிறகு பாதிப் பாரம். சுற்றிலும் ஆள் இருக்கக் கூடாது. தூக்கி நிறுத்திப் பத்து நிமிடம் பார்க்க வேண்டும். தானாக இறங்கினால் அது வேலைக்கு ஆகாது. ஹோஸைக் கழற்ற வேண்டுமானால் முதலில் எல்லாவற்றையும் தரைக்கு இறக்கி, எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, லீவரை இரண்டு பக்கமும் அசைத்து அழுத்தத்தை விட வேண்டும்.

தாய்மார்கள் முக்கியமாகக் கேளுங்கள். ஹோஸில் ஊசித்துளை ஒழுக்கு இருந்தால் அதைக் கையால் தடவிப் பார்க்கக் கூடாது. அந்த எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே முள் குத்தின மாதிரி ஒரு புள்ளி மட்டும் தெரியும். முதலில் வலிகூடப் பெரிதாக இருக்காது. உள்ளே சதை செத்துக்கொண்டு போகும். தாமதித்தால் விரலை, கையையே எடுக்க நேரும். ஒழுக்கைத் தேட ஓர் அட்டைத் துண்டைத் தூரப் பிடித்துப் பார்த்தால் போதும். யாருக்காவது அப்படிப் பட்டுவிட்டால் மஞ்சளும் கோப்பித்தூளும் வைத்து லயத்தில் படுக்க விடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், "அழுத்தத்தில் எண்ணெய் உள்ளே போயிருக்கிறது" என்று அதே வார்த்தைகளில் டொக்டரிடம் சொல்லுங்கள். அதற்குச் சத்திரசிகிச்சை தேவை; நாளைக்குப் பார்க்கலாம் என்கிற காயம் அல்ல.

நம்முடைய மலைக்கென்று இன்னும் மூன்று விஷயம் இருக்கிறது. சரிவில் பெட்டியைத் தூக்கினால் பாரம் ஒரு பக்கம் சாய்ந்து பெட்டி புரளும். மட்டமான இடத்தில் மட்டும் தூக்க வேண்டும். தூக்குவதற்கு முன் மேலே மின்கம்பி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மரக்கட்டை பிடுங்கச் சங்கிலி கட்டினால் கீழே உள்ள இழுவைக் கொக்கியில்தான் கட்ட வேண்டும். மேல் கம்பியில் கட்டி இழுத்தால் ஃபெர்குசன் தடுத்த அதே விபத்து திரும்பி வரும். டிரக்டர் மல்லாக்க இரண்டு வினாடிகூட ஆகாது; சாரதியால் குதிக்க முடியாது. இதற்காகத்தான் சுவீடன் நாடு 1959இலேயே புது டிரக்டர்களுக்குப் பாதுகாப்புச் சட்டகம் கட்டாயம் என்றது.

பெக்டரிக்குள் ஆபத்தான இயந்திரப் பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் சொல்கிறது. ரோலருக்குத் தடுப்புக் கேட்கிற நாம், டிரக்டருக்கும் அதே கண்ணோடு கேட்க வேண்டும். வேலையில் காயப்பட்டவருக்கு நட்டஈடு என்பது 1934ஆம் ஆண்டிலிருந்து இந்த நாட்டின் சட்டத்தில் இருக்கிறது. அதைக் கேட்க அத்தாட்சி வேண்டும். சின்னக் காயமானாலும் அன்றைக்கே தோட்டத்தில் பதியச் சொல்லுங்கள். நேரம், இடம், பார்த்தவர் பெயர் எல்லாவற்றையும் தலைவரும் தன் கொப்பியில் எழுதி வைக்கட்டும்.

தோட்டக் கமிட்டிகள் துரைமாரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டிய கோரிக்கைகள் நான்கு. பயிற்சி பெற்ற மெக்கானிக்கே இந்த வேலையைச் செய்ய வேண்டும். கவிழ்க்கும் பெட்டி ஒவ்வொன்றுக்கும் இரும்பு முட்டுக்கட்டை வேண்டும். சாரதிக்கும் உதவியாளுக்கும் வேலை நேரத்திலேயே பழக்கிக் காட்ட வேண்டும். முட்டுக்கட்டை இல்லாத பெட்டிக்கு அடியில் போக மறுத்தவரின் பேரை வெட்டக் கூடாது. செக்ரோலில் பெயர் உள்ளவரானாலும் கைக்காசுக்கு வந்தவரானாலும் இது ஒன்றுதான்.

பள்ளிக்கூடத்தில் நாங்களும் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறோம்: லிஃப்ட் கையில் ஏறி நிற்காதே, நிறுத்தின டிரக்டரின் லீவரைத் தொடாதே என்று. பிள்ளைகள் கேட்பார்கள். ஆனால் அவர்கள் பார்த்துப் பழகுவது அப்பாவையும் மாமாவையும்தான். நாளை காலை மஸ்டருக்குப் போகும்போது உங்கள் தோட்டத்து டிரக்டரின் பின்னால் போய், அந்த ஹோஸையும் முட்டுக்கட்டையையும் ஒரு தடவை பாருங்கள். குறை இருந்தால் அன்றைக்கே தலைவரிடம் சொல்லுங்கள்.