லோடு ஏத்தறதுக்கு முன்னாடி தாளைக் கேளுங்க



சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு என்றாலே லாரிதான். நம்ம ஊர் வண்டிகள் நாடு முழுக்க ஓடுகின்றன. வடக்கே சரக்கை இறக்கிவிட்டுக் காலியா திரும்ப முடியாது என்று கிடைத்த லோடை ஏற்றுவதும் உண்டு. அந்த லோடு ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் கழிவாக இருந்தால் என்ன செய்வது? அதைத்தான் இன்னைக்குப் பேசப்போறேன்.

ரசாயன மாற்றத்தை வேகப்படுத்தும் பொருளுக்கு வினையூக்கி என்று பெயர். நாளடைவில் அதன் வீரியம் குறையும். அப்போது அது கழிவாக வெளியே வரும். இதில் ஒரு வகை, பாதரச உப்பு ஏற்றிய கரித்துகள். பி.வி.சி. மூலப்பொருள் தயாரிக்கச் சீனாவில் இது பரவலாகப் பயன்படுகிறது. பார்த்தால் சாதாரண அடுப்புக்கரி மாதிரியே இருக்கும். ஆபத்தே அங்கேதானுங்க. கரி என்று நினைத்து யாராவது சூளையிலோ பாய்லரிலோ போட்டால், பாதரசம் ஆவியாகிக் காற்றில் கலக்கும். பிறகு ஏரி, குளத்தில் இறங்கி, மீன் வழியாக நம் உடம்புக்கு வரும். நரம்பையும், வயிற்றில் இருக்கும் குழந்தையின் மூளையையும் பாதிக்கும்.

ஜப்பானின் மினமாட்டாவில் நடந்தது தெரியுமா? அங்கே சிஸ்ஸோ ஆலை பாதரச வினையூக்கியைப் பயன்படுத்தி, கழிவுநீரைக் கடலில் விட்டது. மீன் சாப்பிட்டவர்களுக்கு வந்த நோய் 1956-ல் வெளியே தெரிந்தது. ஆலை அந்த உற்பத்தியை நிறுத்தியதோ 1968-ல்தான். அந்த ஊர் பெயரிலேயே அமைந்த பாதரசம் பற்றிய உலக ஒப்பந்தத்தை இந்தியா 2018-ல் ஏற்றுக்கொண்டது.

நம்ம மாநிலத்திலும் ஒரு பாடம் இருக்கு. கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு, 2001-ல் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் கிடந்தது. 7 டன்னுக்கும் மேல். தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவைப் பாதரசம் பிரித்தெடுக்க அமெரிக்காவுக்குக் கப்பலில் அனுப்ப வேண்டியதாயிற்று.

சரியான வழி என்ன? கழிவை மூடிய உலையில் சூடாக்கி, வரும் ஆவியைக் குளிரவைத்துப் பாதரசத்தைத் திரும்ப எடுப்பார்கள். மிஞ்சும் பாதரசத்தைக் கந்தகத்தோடு சேர்த்து, எளிதில் கரையாத பொருளாக்கி, பாதுகாப்பான குழியில் அடக்குவார்கள். அங்கீகாரம் பெற்ற இடம்தான் இதைச் செய்யலாம்.

அந்த இடத்துக்குத்தான் கழிவு போகிறதா என்று காட்டுவது தாள். 2016 அபாயக் கழிவு விதிகளின்படி, லோடோடு படிவம் 10 என்ற மேனிஃபெஸ்ட் வேண்டும். மொத்தம் 7 பிரதி. வெள்ளையை அனுப்புபவர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்புவார். மஞ்சள் அவரிடமே இருக்கும். மீதி 5 பிரதி வண்டியில் வரணும். சரக்கை ஒப்படைத்ததும் பெறுபவர் கையெழுத்திட்ட ஆரஞ்சுப் பிரதியை டிரைவர் வாங்கி வைத்துக்கொள்ளுங்க. சிந்தினால் என்ன செய்யணும் என்று சொல்லும் படிவம் 9, அதாவது டிரெம் கார்டும் கேபினில் இருக்கணும். டிரம்மில் லேபிள் ஒட்டியிருக்கணும்.

"சும்மா கரிதாங்க, பில் எதுக்கு?" என்று யாராவது சொன்னால் ஏத்தாதீங்க. வாடகை கூட வருதே என்று பார்க்காதீங்க. வண்டி பிடிபட்டால் உரிமையாளரும் பதில் சொல்லணும். அதைவிட, மூட்டை தூக்குறவரும் மேலே படுத்துத் தூங்குற கிளீனர் தம்பியும்தான் முதலில் அந்தக் காற்றைச் சுவாசிப்பாங்க.

ஏரிக்கரையிலோ, பழைய இரும்புக் கடையிலோ சந்தேகமான டிரம், கறுப்புத் துகள் மூட்டை பார்த்தால் தொடாதீங்க, கிளறாதீங்க, கொளுத்தாதீங்க. குழந்தைகளையும் ஆடு மாடுகளையும் விலக்குங்க. தள்ளி நின்று போட்டோ எடுங்க. இடம், தேதி, வண்டி எண் குறிச்சுக்குங்க. முதலமைச்சர் உதவி மையம் 1100-க்கு அழைத்துப் புகார் எண்ணை வாங்கி வையுங்க. மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பொறியாளர் அலுவலகத்திலும் சொல்லலாம். சாலையில் கொட்டிவிட்டால் உடனே 112.

உங்க வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் டிரைவர் அண்ணன்களுக்கு இதை இன்னைக்கே அனுப்பி வையுங்க.