குழவிக்கு வீட்டிற் செய்யும் விளையாட்டுப் பொருள்கள்

(நம் சங்க மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



‘சங்க மேடையிற் கிலுகிலுப்பைக்கு என்ன வேலை?’ என்று சிலர் நகைக்கலாம். மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடிய குமரகுருபர அடிகள் நமக்கு அணித்தாகிய ஸ்ரீவைகுண்டத்திற் பிறந்தவர். பிள்ளைத்தமிழ் ஐந்தாந் திங்களிற் செங்கீரையும், ஒன்பதாந் திங்களிற் சப்பாணியும், பின்னர் ஆண்மகவுக்குச் சிறுபறையும் சிறுதேரும் வகுத்திருத்தலை நோக்குங்கள். குழவியின் ஆடல் திங்கள்தோறும் வளர்வதை முன்னோர் நன்கறிந்திருந்தனர்.

அவ்வளர்ச்சிக்கேற்ற பொருள்கள் நம் இல்லத்திலேயே உள்ளன. பிறந்த குழவி ஏறக்குறைய ஒரு சாண் தொலைவிலுள்ளதையே தெளிவாகக் காணும். ஆதலால், வெள்ளைத் துணியிற் கருநூலாற் பெரிய கட்டங்கள் தைத்து அத்தொலைவிற் காட்டுக. மூன்று நான்கு திங்களிற் கை பற்றத் தொடங்கும். பழைய வேட்டி, பட்டுத் துண்டு, முரட்டுத் துவாலை ஆகியவற்றை இணைத்து, உள்ளேயும் துணியே அடைத்துப் பந்து தைத்தால், மென்மையும் வழவழப்பும் சொரசொரப்பும் ஒன்றிலேயே அமையும். உட்காரும் பருவத்தில், விளிம்பு நன்றாகத் தேய்த்த இரண்டு சிரட்டைகளைத் தட்டி மகிழும். ஒன்பதாந் திங்களில் ஓர் ஓலைக் கொட்டானுள் அப்பந்தையும் மரக்கரண்டியையும் இட்டு வைப்பின், எடுப்பதும் இடுவதுமே அதற்குப் பெருந்தொழில். வெந்நீரிற் கழுவிய பெரிய சங்கைப் பெரியவர் கையிற் பிடித்துத் தடவச் செய்க. அதன் குளிர்ச்சியும் வழவழப்பும் குழவிக்குப் புதிய உலகம்.

இனி, என் பிழையொன்றைக் கூறுகின்றேன். என் இளைய மகள் எட்டுத் திங்கட் குழவியாயிருந்தபோது, ஓலைக் கிலுகிலுப்பை ஒன்று முடைந்து, அழகு கருதிக் குன்றிமணிகளை உள்ளிட்டேன். நான்காம் நாள் முடைச்சல் நெகிழ்ந்தது. ஒரு மணி அவள் வாயினுட் சென்றது. என் மனைவி விரைந்து விரலால் எடுத்தாள். குன்றிமணி மென்று விழுங்கினால் உயிரை மாய்க்கும் நஞ்சுடையது. மெல்லாவிடினும் மூச்சுக்குழலை அடைக்கும். படித்தவன் நான், இதனை அறியாதிருந்தேன். அன்று முதல் என் விதி இது: ஒன்றேகால் அங்குலத் துளையிற் புகும் எப்பொருளும் மூன்று வயது நிரம்பாத குழந்தையின் கைக்கு ஆகாது. சோழியும் புளியங்கொட்டையும் சிறு சிப்பியும் அவ்வாறே. ஒரு சாணினும் நீண்ட கயிறும் கட்டற்க. கிலுகிலுப்பையைப் பெரியவரே ஆட்டிக் காட்டுக.

‘இத்தொல்லை எதற்கு? கைப்பேசியைக் காட்டினால் அழுகை அடங்குமே’ என்பர். ஒரு வயது நிரம்பாத குழவிக்குத் திரைக்காட்சி வேண்டா என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியுள்ளது. அழுகை அடங்குதல் வேறு. அறிவு மலர்தல் வேறு.

நம் கடலில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றது. வீட்டு முத்தைக் காக்கும் கடமையோ நிற்கவில்லை. தந்தைமார்களே! அடுத்த கூட்டத்திற்கு வரும்போது ஆளுக்கொரு துணிப்பந்து தைத்துக் கொணருங்கள். ஊசி பிடித்தல் ஆண்மைக்கு இழுக்கன்று. இவ்வேண்டுகோளுடன் அமைகின்றேன்.