ஓய்வூதியமும் மறுபணியும்

இந்திய வருமான வரிச் சட்டம் ஓய்வூதியத்தையும் சம்பளமாகவே கருதுவதால், ஓய்வுக்குப் பின் வேறு பணியில் சேர்பவருக்கு மூலத்தில் வரிப்பிடித்தம், அதாவது பணம் வழங்குபவரே வரியைக் கழித்து அரசுக்குச் செலுத்தும் முறை, இரண்டு இடங்களில் தனித்தனியே நிகழ்கிறது. புதிய வரிமுறையில் ஆண்டுக்கு ஒருமுறையே உரிய 75,000 ரூபாய் நிலையான கழிவை, ஒருவர் கணக்கை மற்றவர் அறியாமல் இருவருமே வழங்கிவிடுவதால், பிடித்தம் குறைந்து, கணக்குத் தாக்கலின்போது நிலுவை எழுகிறது. ஓய்வூதிய விவரத்தை உரிய படிவத்தில் புதிய நிறுவனத்திடம் அளித்தால், இரண்டையும் கூட்டியே வரி பிடிக்கப்படும். பலரும் கவனியாத நுட்பம் வேறொன்று: 60 வயது நிறைந்து, வணிகமோ தொழிலோ வழியாக வருமானம் இல்லாதவர், ஆண்டுக்குள்ளேயே தவணைகளில் கட்டும் முன்கூட்டிய வரியிலிருந்து விலக்குப் பெறுகிறார்; ஆனால் அதே உழைப்புக்குச் சம்பளமாக அன்றி ஆலோசனைக் கட்டணமாகப் பணம் பெற்றால், அவ்விலக்கு நீங்கிவிடுகிறது.