பட்டை பிஸ்கட்டும் பத்து ரூபாய் கூலியும்

(நமது கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது. கேட்க முடியாமல் போன சகோதரிகளுக்காக இங்கே தருகிறோம்.)



மைக் பிடிச்சுப் பேசி எனக்குப் பழக்கமில்லை. தப்பா ஏதாவது சொன்னா பொறுத்துக்குங்க. "நீ பிஸ்கட் போடுற கதையைச் சொல்லு"ன்னு கூப்பிட்டாங்க. பிஸ்கட் கதையோட, நான் ஏமாந்த கதையையும் சேர்த்துச் சொல்றேன்.

பட்டை பிஸ்கட் போட ஓவன் வேணும்னுதான் நானும் நினைச்சேன். வேண்டாம். காயலான் கடையில வாங்கின ஒரு கனமான இரும்புச் சட்டி, இறுக்கமான மூடி, உள்ளே வைக்க ஒரு ஸ்டாண்டு, ஒரு தட்டு. இவ்வளவுதான். குக்கர்ல தண்ணி இல்லாம வைக்காதீங்க. அடி கெட்டுப்போகும், அப்புறம் சோறாக்கவும் உதவாது.

தேவையான பொருட்களை எழுதிக்குங்க. கோதுமை மாவு 250 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 150 கிராம், பொடிச்ச சர்க்கரை 120 கிராம், பட்டைத் தூள் 2 சின்ன ஸ்பூன், பேக்கிங் பவுடர் 1 சின்ன ஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, பால் 2 பெரிய ஸ்பூன். இதுல ஏறக்குறைய அரைக் கிலோ பிஸ்கட் வரும்.

வெண்ணெயையும் சர்க்கரையையும் வெளுக்கிற வரைக்கும் குழைக்கணும். மாவு, பட்டைத் தூள், பேக்கிங் பவுடர், உப்பு நாலையும் ஒண்ணா சலிச்சுக் கொட்டி, பால் தெளிச்சுச் சேர்க்கணும். சப்பாத்தி மாவு மாதிரி அடிச்சுப் பிசையாதீங்க, பிஸ்கட் வறட்டி மாதிரி ஆயிடும். நம்ம ஊர் வெயிலுக்கு வெண்ணெய் உருகி ஓடும். அதனால விடியக்காலையில செய்யுங்க.

உருண்டை ஒவ்வொண்ணும் 15 கிராம். தராசுல வெச்சுப் பாருங்க. கண்ணளவுல உருட்டினா சின்னது கருகும், பெருசு உள்ளே பச்சையா இருக்கும்.

சட்டியில ஒரு விரல் கனத்துக்குக் கல் உப்பு பரப்பி, ஸ்டாண்டு வெச்சு மூடி, மிதமான தீயில 10 நிமிஷம் காயவிடணும். அப்புறம் நெய் தடவின தட்டுல எட்டு உருண்டையைத் தட்டையா அமுக்கி, இடம் விட்டு அடுக்கி உள்ளே வைங்க. தீயைக் குறைச்சு 20 நிமிஷம். இடையில மூடியைத் திறந்து திறந்து பார்க்காதீங்க, சூடு இறங்கிடும்.

இங்கேதான் நான் முதல் தப்புப் பண்ணினேன். 20 நிமிஷம் கழிச்சுத் தொட்டா மெத்துனு இருந்துச்சு. வேகலைன்னு நினைச்சு மறுபடி வெச்சேன். அடியெல்லாம் கரி. பிஸ்கட் சூட்டுல மெத்துனுதான் இருக்கும், ஆறினாத்தான் மொறுமொறுன்னு வரும். பட்டை போட்ட மாவு முதல்லயே பழுப்பு நிறம். மேலே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கரண்டியால ஒண்ணைத் தூக்கி அடிப்பக்கம் பாருங்க. அது பொன் நிறமா இருந்தா எடுத்துடலாம்.

ரெண்டாவது தப்பு. திருவிழாவுக்குக் கேட்டாங்கன்னு அவசரத்துல சூட்டோட கவர்ல போட்டுட்டேன். ஆவி உள்ளேயே நின்னு, மறுநாள் பார்த்தா எல்லாம் நமுத்துப் போச்சு. அந்த 4 கிலோவும் எங்க வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஆட்டுக்கும்தான் ஆச்சு. முழுசா ஆற ஒரு மணி நேரம் விடுங்க சகோதரிகளே.

இப்ப மூணாவது தப்பு. இதைச் சொல்லத்தான் நான் வந்தேன்.

வியாபாரம் நல்லாப் போகுதேன்னு, ஓவன் வாங்கக் குழுவுல 10,000 ரூபாய் உள்கடன் கேட்டேன். எங்க ஊக்குநர் அக்கா, "மூணு மாசக் கணக்கைக் காட்டு, தீர்மானம் போடலாம்"னு சொல்லிட்டாங்க. எனக்கு மனசு ரொம்பக் கஷ்டமாப் போச்சு. ஒரு வாரக் கூட்டத்துக்குக்கூட வராம இருந்தேன். ஆனா கோபத்தோடயே ஒரு நோட்டு வாங்கி எழுத ஆரம்பிச்சேன்.

ஒரு கிலோவுக்கு எனக்கு ஆன செலவு இது. மாவு 25 ரூபாய், வெண்ணெய் 168, சர்க்கரை 11, பட்டை 6, பால் மற்றதெல்லாம் 10, கேஸ் 20, கவரும் லேபிளும் 20. மொத்தம் 260. நான் வித்த விலை 300. "40 ரூபாய் லாபம்"னு சந்தோஷமா எழுதினேன்.

அக்கா நோட்டைப் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "எத்தனை மணி நேரம் ஆச்சு?"

எண்ணிப் பார்த்தேன். ஒரு கிலோவுக்கு எழுபது பிஸ்கட். ஒரு தடவைக்கு எட்டு. ஒன்பது தடவை சட்டி ஏத்தணும், அதுக்கே மூணு மணி நேரம். பிசைய, உருட்ட, கட்ட ஒரு மணி நேரம். நாலு மணி நேரத்துக்கு 40 ரூபாய். மணிக்குப் பத்து ரூபாய்! களை எடுக்கப் போனாக்கூட இதைவிட அதிகமாக் கிடைக்கும். ஒரு பிஸ்கட் உடைஞ்சாலும் அதுவும் என் கூலியிலதான் போகுது. அன்னிக்குக் கடன் வாங்கியிருந்தா, நஷ்டத்துக்கு வட்டி கட்டியிருப்பேன்.

அதுக்கப்புறம் ரெண்டு காரியம் செஞ்சேன். இன்னொரு சட்டி வாங்கி ரெண்டு அடுப்புலயும் வெச்சேன். நாலு மணி நேரம் இரண்டரை மணி நேரமாச்சு. என் கூலி மணிக்கு 50 ரூபாய்னு நோட்டுல எழுதினேன். 260-ம் 125-ம் சேர்த்து 385. இப்ப 100 கிராம் பாக்கெட் 45 ரூபாய், கிலோ 450. மிச்சம் 65 ரூபாய், உடைஞ்சதுக்கும் நாளைக்குக் கடன் அடைக்கிறதுக்கும். விலை ஏத்தினதும் நாலு பேர் வாங்கறதை நிறுத்தினாங்க. மத்தவங்க வாங்கறாங்க. இது என் ஊர்க் கணக்கு. உங்க ஊர் விலையைப் போட்டு நீங்க எழுதுங்க. கூலி வரியை மட்டும் விட்டுடாதீங்க.

பட்டையைப் பத்தி ஒரு வார்த்தை. மளிகைக் கடையில கிடைக்கிற கனமான, உடைக்கக் கஷ்டமான பட்டை பெரும்பாலும் கேசியா. இலங்கையில விளையுற உண்மையான இலவங்கப்பட்டை மெல்லிசா, பல அடுக்காச் சுருண்டு, கையில நொறுங்கும். விலை அதிகம். கேசியாவுல கூமரின்னு ஒரு பொருள் கூடுதலா இருக்கு. அது அளவுக்கு மிஞ்சினா சிலருக்கு ஈரலைப் பாதிக்கும். 2006-ல் ஜெர்மனியில பட்டை பிஸ்கட்டைக் குழந்தைகள் அதிகமாச் சாப்பிட வேண்டாம்னு அரசு நிறுவனமே எச்சரிச்சது. அதனால வாசனைக்காகக் கூடுதலாக் கொட்டாதீங்க. சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு போதும். தூளா வாங்காம பட்டையா வாங்கி, காயவெச்சு நீங்களே அரைச்சுச் சலிங்க.

ஒரு கடைக்காரர், "பட்டை சர்க்கரை வியாதிக்கு நல்லதுன்னு லேபிள்ல போடும்மா, பறந்து போகும்"னார். எங்க மாமியாரே சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடறவங்க. கிலோவுக்குக் கால் கிலோ சர்க்கரை போட்டுட்டு அப்படி எப்படி எழுதறது? போடலை. அந்தக் கடையில இன்னிக்கும் என் பாக்கெட் இல்லை. பரவாயில்லை.

லேபிள்ல பொருட்களோட பேர், எடை, செஞ்ச தேதி, எத்தனை நாளைக்குள்ள சாப்பிடணும், விலை, விலாசம், சைவத்துக்கான பச்சைக் குறி எல்லாம் இருக்கணும். கோதுமையும் பாலும் இருக்குன்னு தெளிவாப் போடணும். விற்கறதுக்கு முன்னாடி உணவுப் பாதுகாப்புத் துறையில பதிவு செஞ்சு, அந்த 14 இலக்க எண்ணையும் போடணும். ஒரு பாக்கெட்டை வீட்டுலயே வெச்சுத் தினமும் ஒண்ணு தின்னு பார்த்தேன். இருபது நாள் வரைக்கும் நல்லா இருந்துச்சு. நான் 15 நாள்னு போடறேன்.

போன வாரம் மூணு மாச நோட்டைக் குழுவுல வெச்சேன். இந்தத் தடவை நான் கேட்கறதுக்கு முன்னாடியே ஊக்குநர் அக்கா தீர்மானப் புத்தகத்தைத் திறந்தாங்க. கடன் கிடைச்சிருக்கு. அன்னிக்கு "இல்லை"ன்னு சொன்னவங்களுக்கு இந்த மேடையில நன்றி சொல்லிக்கறேன்.

கத்துக்க விரும்பற சகோதரிகள் எங்க வீட்டுக்கு வாங்க. மாவு நான் தர்றேன். நோட்டும் பேனாவும் நீங்க கொண்டு வாங்க.